பாடபேதமும் பழைய புல்லட்டும்

பழைய இயந்திரங்களைச் சேர்த்து வீட்டிலேயே பழுதுபார்ப்பவனைப் பற்றித் தமிழ் அறிவுலகுக்கு இரண்டே அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அவன் பணம் மிகுந்தவன், பொழுது போகாதவன். மற்றது, அவன் வாசிப்புப் பழக்கம் இல்லாதவன், ஆகவே கையில் எண்ணெயைப் பூசிக்கொண்டு திரிகிறான். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவரைத் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடுகிறோம். பழைய நாணயம், அஞ்சல்தலை சேர்ப்பவருக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. ஆனால் காத்திவாக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் அமர்ந்து, 1970களில் திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட்டின் எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய செய்தித்தாளின் மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பவரை 'ஏதோ மெக்கானிக் வேலை பார்க்கிறார்' என்று சொல்லிக் கடந்துபோய்விடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்த அலட்சியத்துக்கு எதிரானது. அதே அளவுக்கு, இன்று பரவலாகிவிட்ட வேறொரு நோய்க்கும் எதிரானது. பழைய வண்டியைப் பெருஞ்செலவில் பளபளப்பாக்கி, அதன் மேலிருந்த வரலாறு முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டு, அதற்கு 'மீட்டெடுப்பு' என்று பெயர் சூட்டும் நோய் அது. முதல் தரப்பு இயந்திரத்தைப் பண்பாடாகவே கருதுவதில்லை. இரண்டாம் தரப்பு அதைப் பண்பாடு என்று சொல்லிக்கொண்டே அழிக்கிறது. எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். அலட்சியத்துக்குத் தப்பிய பொருள் எங்கேனும் ஒரு மூலையில் துருப்பிடித்தாவது கிடக்கும். அன்பு என்ற பெயரில் அழிக்கப்பட்டது திரும்பக் கிடைப்பதில்லை.

*

முதலில் சில தகவல்கள். வாசக நண்பர்கள் பலருக்கு இவை தெரிந்திருக்கலாம். ஆயினும் வாதத்துக்குத் தேவைப்படுகின்றன.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இந்திய இராணுவத்துக்குத் தேவைப்பட்ட 350 சிசி புல்லட்டே அதற்கு மூல காரணம். தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் வண்டியின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்படும் நிலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாற்றின் வேடிக்கை. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970ஐ ஒட்டி பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. தாய் இறந்த பிறகும் பிள்ளை வாழ்ந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டி பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் எழுந்தன. 2010ஐ ஒட்டிப் பழைய இரும்பு வார்ப்பு எஞ்சினின் காலம் முடிந்தது.

அந்த எஞ்சினைப் பற்றி ஓரிரு சொற்கள். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட நடை நீளம். அதனால்தான் அது விரைந்து பதறாமல், நிதானமாகத் தனித்தனி அடியாக ஒலிக்கும். கியர்ப்பெட்டி எஞ்சினோடு ஒட்டாமல் தனியாக இருக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன் டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்து, அம்மீட்டரின் முள்ளைப் பார்த்து, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அறிந்து, அதன் பின்னரே மிதிக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அது சற்றே கூடினாலும் குறைந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். சுருங்கச் சொன்னால், ஓட்டுபவனிடம் கவனத்தைக் கோரும் வண்டி. கவனத்தைக் கோருவது நல்ல பிரதிக்கும் உரிய இலக்கணம் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

*

இனி நோய்க்கு வருகிறேன்.

1970களிலும் 80களிலும் திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டிகளின் பெட்ரோல் தொட்டியில் பெரும்பாலும் 'என்ஃபீல்டு' என்றுதான் இருக்கும். 'ராயல்' இருக்காது. இன்று அந்த வண்டி ஒன்றை வாங்கி 'ரெஸ்டோர்' செய்யும் ஆர்வலர் முதலில் என்ன செய்கிறார்? பழைய பெயர்ப்பட்டையைக் கழற்றி எறிகிறார். அந்த இடத்தில் ரெட்டிச் காலத்துப் பீரங்கிச் சின்னத்தை ஒட்டுகிறார். 'துப்பாக்கிபோல் செய்யப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தைச் சேர்க்கிறார். திருவொற்றியூரில் வார்த்து, கடைந்து, பூட்டி, சாயம் பூசி வெளியே அனுப்பிய வண்டி, ஐம்பது ஆண்டு கழித்து இங்கிலாந்தில் பிறந்ததாக வேடம் போட்டுக்கொண்டு தெருவில் வருகிறது. பார்த்தவர்கள் 'ஒரிஜினல்' என்று வியக்கிறார்கள்.

இதைவிடத் துல்லியமான இலக்கியப் போலி எதுவும் எனக்குத் தெரியாது. பிற்காலத்துச் சிற்றிலக்கியம் ஒன்றுக்குச் சங்கப் புலவர் ஒருவரின் பெயரைச் சூட்டி அச்சிட்டால் நாம் சும்மா இருப்போமா? பதிப்பாசிரியரைப் பந்தாடிவிடமாட்டோமா? இங்கே அதுவே நடக்கிறது, நாம் கைதட்டுகிறோம். பெயர்ப்பட்டை மாற்றம் அலங்காரம்தானே என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு வண்டியைச் செய்த ஊரின் பெயரை மறைத்து, செய்யாத ஊரின் பெயரைப் போடும்போது அங்கே அழகுணர்ச்சி வேலை செய்யவில்லை. வடசென்னையில் செய்த பொருள் என்று சொல்வதற்கான கூச்சம் வேலை செய்கிறது. வெள்ளைக்காரன் தொட்டதால்தான் அதற்கு மதிப்பு என்ற நினைப்பு வேலை செய்கிறது.

பட்டையோடு நிற்பதும் இல்லை. பழைய சாயம் முழுவதும் சுரண்டப்படுகிறது. எந்தக் காலத்திலும் அந்த ஆலையில் இல்லாத கண்ணைப் பறிக்கும் குரோமியம் பூசப்படுகிறது. எஞ்சின் மூடிகள் கண்ணாடியாக மின்னும்வரை பஃபிங் செய்யப்படுகின்றன. முந்தைய சொந்தக்காரர் வெல்டிங் வைத்து ஒட்டிய இடம், ஊர்க் கொல்லர் தட்டி நிமிர்த்திய மட்கார்டு, கிராமத்து ஓவியர் தொட்டியில் எழுதிய குலதெய்வத்தின் பெயர், எல்லாம் போகின்றன. எஞ்சுவது ஒரு பொம்மை. அது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்ததைப் போலவும் இல்லை, ஐம்பது ஆண்டு ஓடியதைப் போலவும் இல்லை. யாருடைய காலத்தையும் சேராத பொருள் அது.

*

உ.வே.சாமிநாதையரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அவர் பதிப்பித்தவற்றின் பெருமையை நாம் ஓயாமல் பேசுகிறோம். அவருடைய முறையைப் பற்றிப் பேசுவது குறைவு. கிடைத்த பிரதிகள் எவை, அவை யாரிடமிருந்து வந்தன என்பதைப் பட்டியலிட்டார். ஒரு பிரதியில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறொன்றும் இருந்தால் பாடபேதத்தைக் குறித்தார். 1904இல் அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. கிடைக்கவில்லை, ஆகவே இல்லை. சேரனைப் பாடும் இருபது பாட்டை இட்டுக்கட்டுவது அவருடைய புலமைக்குக் கடினமா என்ன? அவர் அதைச் செய்யவில்லை. எட்டுப் பத்துகளை எட்டுப் பத்துகளாகவே தந்தார். இல்லாததை இல்லை என்று சொல்லும் அந்த நேர்மைதான் பதிப்பியல். மற்றதெல்லாம் அச்சுத்தொழில்.

பழைய இயந்திரத்தை மீட்பவனுக்கும் இதே அறம் பொருந்தும் என்பது என் வாதம். ஒரு புல்லட் கையில் வந்தால் அது ஒரு சுவடிக்கட்டு. அதில் ஆலையின் கை இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் அதைத் தொட்ட மெக்கானிக்குகளின் கை இருக்கிறது. எந்த பாகம் ஆலையிலிருந்து வந்தது, எது புதுப்பேட்டையில் வாங்கிப் பொருத்தியது, எது பட்டறை லேத்தில் கடைந்தது என்று கண்டுபிடிப்பது பாடபேத ஆராய்ச்சியேதான். ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் சிலிண்டர் ஏற்கெனவே ரீபோர் ஆகியிருக்கிறது என்று பொருள். எத்தனை முறை என்பதைப் பிஸ்டனின் தலையில் பொறித்த எண் சொல்லும். வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டி, அதற்காக ஒரு வளையத்தைக் கடைந்து வைத்திருந்தால், உதிரிபாகம் கிடைக்காத ஊரில் எவரோ ஒருவர் தம் மூளையைச் செலவழித்திருக்கிறார். அந்த வளையத்தைக் குப்பையில் எறிபவர், ஏட்டின் ஓரத்தில் பழைய உரைகாரர் எழுதிய குறிப்பைக் கத்தரித்து எறிபவருக்குச் சமம்.

தேய்ந்த பாகத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காத்திவாக்கத்தின் காற்றில் அப்படிச் சொல்ல வாய்ப்பும் இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழிமுகம், இடையே உப்பும் சாம்பலும் கலந்த காற்று. ஒரே மழைக்காலத்தில் ரிம்மின் குரோமியம் பொரிந்து ஸ்போக்குகள் சிவந்துவிடும். மாற்ற வேண்டியதை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதலாம். கழற்றியதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தேதியிட்டு வைக்கலாம். தொட்டியின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்காவது பழைய சாயத்தை விட்டுவைக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை. ஒழுக்கம் தேவை.

*

உலகில் வேறெங்கும் இது நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. மிக அற்பமானது என்று கருதப்பட்ட ஓர் இயந்திரத்துக்கே நடந்திருக்கிறது.

பின்பால் என்ற விளையாட்டு இயந்திரத்தை அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே உருளும் எஃகுக் குண்டு, காசு போட்டால் ஆட்டம். 1942இல் நியூயார்க் நகரம் அதைச் சூதாட்டம் என்று தடைசெய்தது. மேயர் லாகார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைக்கும் புகைப்படங்கள் புகழ்பெற்றவை. குண்டைத் தட்டித் திருப்பும் துடுப்புகள் 1947இல்தான் வந்தன, காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தில். வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அதன் பிறகு அது அதிர்ஷ்டத்தைவிடத் திறமை சார்ந்த ஆட்டமாகிவிட்டது. ஆனாலும் தடை நீங்க 1976 ஆயிற்று. ரோஜர் ஷார்ப் என்பவர் நகர அவையினர் முன்பாக ஆடிக்காட்டி, இது திறமைதான் என்று நிரூபித்தார். இந்த இயந்திரங்களில் பெரும்பகுதி செய்யப்பட்ட சிகாகோவிலும் நெடுங்காலம் தடை இருந்தது.

கணினி விளையாட்டு வந்ததும் பின்பால் குப்பைக்குப் போனது. அதை அங்கிருந்து மீட்டவர்கள் வீடுகளின் கார்க்கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் ரிலேக்களையும் சோலினாய்டுகளையும் சுத்தம் செய்துகொண்டிருந்த சாதாரண மனிதர்கள். பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யவில்லை. அம்மனிதர்கள் செய்த ஒரு காரியம்தான் என்னைக் கவர்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பதிவை உண்டாக்கினார்கள். எந்த ஆண்டு, எத்தனை செய்யப்பட்டன, வடிவமைத்தவர் யார், கண்ணாடியில் ஓவியம் வரைந்தவர் யார் என்பதெல்லாம் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஓவியரின் பெயர்! காசு போட்டு ஆடும் பெட்டியின் கண்ணாடியில் படம் வரைந்தவரின் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. அவர்களிடையேயும் வியாபாரிகள் உண்டு, பளபளப்பு மோகம் உண்டு. ஆனால் ஆடாத இயந்திரம் செத்த இயந்திரம் என்பதிலும், செய்தவரின் பெயர் இயந்திரத்தோடு சேர்ந்தது என்பதிலும் அவர்களில் சிறந்தவர்களுக்கு ஐயமில்லை.

நம் நிலை என்ன? புல்லட் தொட்டியின் மேல் கையால் இழுக்கப்படும் அந்தத் தங்கக் கோட்டை எல்லோரும் வியக்கிறோம். அளவுகோல் இல்லாமல், ஒட்டுத்தாள் இல்லாமல், ஒரே மூச்சில் தூரிகையை இழுத்துச் செல்லும் கலை அது. நிறுவனமே பிற்காலத்தில் அதைப் பெருமையாக விளம்பரம் செய்தது. ஆனால் 1960களில், 70களில் அந்தக் கோட்டை இழுத்தவர்கள் யார்? வார்ப்பு அச்சை மணலில் பிடித்தவர்கள் யார்? ஸ்போக் கோத்து ரிம்மை நேர்செய்தவர்கள் யார்? புல்லட் ஆர்வலர்களின் கூட்டங்களில் ரெட்டிச் மாடல்களின் எண் வரிசையை ஒப்பிப்பவர்கள் உண்டு. திருவொற்றியூரில் ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டரின் பெயரைச் சொல்பவர்கள் அரிது. 2018 செப்டம்பரில் ஒரகடம் ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வண்டியின் மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களில் எத்தனை பேர் அது எதற்காக என்று கேட்டார்கள்? வண்டி மேல் அன்பு, செய்தவன் மேல் பாராமுகம். இது ரசனை ஆகாது.

*

எதிர்வாதங்களையும் பார்த்துவிட வேண்டும். மூன்று உண்டு, மூன்றும் வலுவானவை.

முதலாவது, புல்லட் அதிகாரத்தின் வாகனம் என்பது. இன்ஸ்பெக்டரும் மிராசுதாரரும் ஏறிவந்த வண்டி. சேரிக்குள் அதன் சத்தம் கேட்டால் கதவடைத்த காலம் உண்டு. இன்றும் அது ஆண் திமிரின் அடையாளமாக விற்கப்படுகிறது. இவையெல்லாம் உண்மை. மறுக்கமாட்டேன். ஆனால் இவை ஏறியவனின் கதைகள். பூட்டியவனின் கதை வேறு. அவன் ரயிலிலும் சைக்கிளிலும் வேலைக்கு வந்து, தான் வாங்க முடியாத வண்டியை நாள் முழுதும் செய்துகொண்டிருந்தான். கோயிலைக் கட்டிய சிற்பிக்குக் கருவறையில் இடமில்லை என்பதால் சிற்பத்தைப் படிக்காமல் விடுகிறோமா? அதிகாரத்தின் வாகனத்தை அதன் உழைப்பின் பக்கமிருந்து மறுபடியும் படிப்பதற்குப் பழுதுபார்ப்பைப் போலச் சிறந்த வழி இல்லை. ஏனெனில் பழுதுபார்ப்பவன் வண்டியின் மேல் உட்கார்வதில்லை. அதன் முன்னால் தரையில் உட்கார்கிறான்.

இரண்டாவது, சுற்றுச்சூழல். பழைய எஞ்சின் புகை கக்கும், அதைக் காப்பாற்றுவானேன்? நச்சுக் காற்றில் மூச்சுவிடும் எண்ணூர்க்காரருக்கு இதைக் கேட்கும் உரிமை எல்லோரையும்விட அதிகம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவிப் படகுகளும் அலையாத்தி மரங்களும் கறுத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த மாத இறுதியிலேயே அம்மோனியா கசிவால் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியவர்கள். ஆகவே புகையைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஓரிரு முறை சில கிலோமீட்டர் ஓடும் வண்டியின் புகையையும் இந்தக் கடற்கரையின் ஆலைக்கழிவையும் ஒரே தராசில் வைப்பவர்கள் ஏதோ ஒன்றை மறைக்க விரும்புகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஒழுங்காக டியூன் செய்த எஞ்சின் குறைவாகவே புகைக்கும் என்பதும், அதற்குப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் வேண்டும் என்பதும் உபரிச் செய்திகள்.

மூன்றாவது, இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்பது. அப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் புகார். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். ஐம்பது ஆண்டு கடந்த வண்டி மூல வடிவில் இருந்தால் அதை 'விண்டேஜ்' என்று பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுதுபார்க்கவும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. பதியாமல் சாதாரண வண்டியாகவே வைத்திருக்கலாமென்றால், பதினைந்து ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆகியது. அதற்குப் பிறகு இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு அதுவும் கூடியது. அப்பா விட்டுச்சென்ற வண்டியில் மீன்சந்தைக்குப் போய்வரும் மனிதர் ஒரு பக்கம் நெருக்கப்படுகிறார். வண்டியைக் கண்ணாடி அறையில் நிறுத்திவைக்கும் சேகரிப்பாளர் மறுபக்கம் அங்கீகரிக்கப்படுகிறார். ஓடும் வண்டி பழசு, நிற்கும் வண்டி பாரம்பரியம் என்று சட்டமே சொல்லித்தருகிறது.

ஆகவே 'இது பணக்காரர் விஷயம்' என்று நாம் ஒதுங்குவது அவர்களுக்கு வசதியாகவே முடியும். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்து மாட்டியே இயந்திரவியலைக் கற்றார். பிரித்து மாட்டுவது ஏழை மாணவனின் பல்கலைக்கழகமாக இருந்திருக்கிறது. அது மறுபடியும் அப்படி ஆகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

*

இலக்கிய வாசகர்களிடம் இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு.

வடசென்னை நம் எழுத்திலும் திரையிலும் எப்படி வருகிறது? கத்தி, கஞ்சா, கானா, குத்துச்சண்டை. 'மெட்ராஸ்' (2014), 'வடசென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகியவை முக்கியமான படங்கள்தாம். ஆனால் அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் விம்கோ தீப்பெட்டி ஆலையும் கார்போரண்டம் ஆலையும் நின்ற ஒரு நிலப்பகுதியில், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல்லாயிரம் பேர் ஷிப்டு முறையில் இரும்போடும் ரப்பரோடும் வாழ்ந்த ஒரு பகுதியில், லேத்தின் முன்னால் நிற்கும் மனிதனின் மனம் நம் புனைவில் எங்கே? நெசவாளருக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலாளருக்கு டி.செல்வராஜின் 'தோல்' (2010) இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையின் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் அந்த வரிசையில் வைக்கத்தக்க நாவல் எது? தொழிலாளியை அவன் கோபத்தின் வழியாக மட்டும் அறிகிறோம். அவன் திறமையின் வழியாக அறிய நாம் முயன்றதே இல்லை. ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைத் தன் விரல் நுனியால் உணர்பவனுக்கு ஓர் அழகியல் இருக்கும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

மொழியும் இதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 'உந்துருளி' என்ற சொல்லைச் செய்துகொண்டு திருப்தியடைந்துவிட்டோம். பட்டறையில் வழங்கும் தமிழ் நம் அகராதிகளின் வாசலுக்குக்கூட வரவில்லை. எஞ்சின் 'அடைக்கிறது', 'இழுக்கவில்லை', 'மூச்சுவாங்குகிறது', பிஸ்டன் 'பிடித்துக்கொண்டது', திருகின் மரை 'போய்விட்டது', கிளட்ச் 'வழுக்குகிறது'. இவை ஒவ்வொன்றும் துல்லியமான நோய்க்குறிகள். காதால் எஞ்சினைப் படித்தவர்கள் உண்டாக்கிய சொற்கள். ஆங்கிலப் பாகப் பெயர்களுக்கு நடுவே தமிழ் வினைச்சொற்கள் எவ்வளவு உயிரோடு வேலை செய்கின்றன என்று பாருங்கள். இந்தச் சொற்களைப் பேசும் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கணினியைச் செருகிக் கோளாறைக் கண்டறியும் வண்டிகளுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படாது. அவர்களோடு இவையும் போகும்.

சுவடிகள் கறையானுக்கும் ஆற்றுக்கும் போனதைப் பற்றி நூறாண்டாகக் கண்ணீர் விடுகிறோம். நம் கண் முன்னால் போவதைப் பற்றி? பெரம்பூரில் 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறக்கக் காரணமான பி அண்ட் சி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் நின்றது. காத்திவாக்கம் நகராட்சியே 2011இல் சென்னை மாநகராட்சியில் கரைந்து ஒரு மண்டலத்தின் பகுதியாகிவிட்டது. ஆலைகளுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் ஆயுள் இவ்வளவுதான். அவற்றுள் இருந்த அறிவை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஆயுத பூஜை கொண்டாடுகிற சமூகம் மீதமுள்ள 364 நாளும் அதைக் காயலான் கடைக்கு எடைபோடத் தயாராக இருக்கிறது.

*

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் ஏதுமில்லை. அரசு ஒரு தொழில் அருங்காட்சியகத்தை எண்ணூரில் அமைக்க வேண்டும் என்று கோரலாம், கோரவும் வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்கக்கூடாது. நம் ஊரில் ஆவணக்காப்பகங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக விளம்பரங்களும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாயின. நோட்டீசைக்கூடச் சேர்த்தவர் அவர். அன்று அதைக் குப்பை என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

பழைய புல்லட் வைத்திருக்கும் நண்பர்கள் செய்யக்கூடியது இதுதான். வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண், வந்தபோது இருந்த நிலை, முந்தைய சொந்தக்காரர்கள் சொன்னது, மாற்றியது, மாற்றாமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலை செய்த மெக்கானிக்கின் பெயரை, அவர் சம்மதத்தோடு, எழுதுங்கள். அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பதையும் கேளுங்கள். அது குருபரம்பரை. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் திருவொற்றியூர் முதல் காத்திவாக்கம் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கூட்டமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிப்போய்ப் படம் எடுப்பதற்குப் பதிலாக, அவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி, இதில் உங்கள் கை எது என்று கேளுங்கள். ஃபான்டாபுலஸ் ஸ்கூட்டர், மோஃபா, சில்வர் பிளஸ் என்று அதே நிறுவனம் செய்த, எவரும் கொண்டாடாத சிறிய வண்டிகளும் எங்கேனும் கொட்டகைகளில் கிடக்கும். அவற்றையும் தேடுங்கள். காப்பியத்தை மட்டும் பதிப்பித்தால் போதாது, தனிப்பாடல்களும் இலக்கியம்தான்.

எழுதுகிற நண்பர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. பட்டறைக்குப் போய் ஒரு நாள் உட்காருங்கள். அங்கே பேசப்படும் தமிழைக் காதில் வாங்குங்கள்.

கடைசியாக, பீரங்கிச் சின்னம் ஒட்டிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அடியில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும். பழைய பெயர்ப்பட்டை கிடைக்கவில்லையென்றால் அந்த ஓட்டைகளை அப்படியே விட்டுவையுங்கள், பட்டி பூசி மறைக்க வேண்டாம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தைப் போல, அவை காலியாகவே இருக்கட்டும். திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி இது என்று அவை ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லும்.